நிறுவனத்தின் சார்பில்

கிள்ளான்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவின் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எது கேட்டாலும் கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறாய். இந்தக் கேள்விகளுக்குக் கட்டைவிரல் போதாது என்பதால் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் விரிவுரையாளர் மிஸ் சீதாலெட்சுமி, மக்கள் தொடர்புத் துறையில் இருக்கும் ஒருவரைப் பேட்டி எடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார். பதில்கள் எழுத்தில் இருக்க வேண்டுமாம். வகுப்பில் பாதிப் பேர் யாரைப் பிடிப்பது என்று தவிக்கிறார்கள். எனக்குச் சொந்த அக்காவே பெரிய வீடமைப்பு நிறுவனத்தில் அந்தப் பிரிவுக்குத் தலைவி. என்ன, அவள்தான் பங்சாரிலிருந்து கிள்ளானுக்கு வர வழி தெரியாமல் இருக்கிறாள்.

இந்தப் படிப்பை முடித்தவர்கள் என்னென்ன வேலைக்குப் போகிறார்கள்? உன் ஒரு நாள் எப்படிப் போகும்? இதற்கு என்ன குணம் வேண்டும்? இவை மிஸ் கொடுத்த கேள்விகள். கடைசிக் கேள்வி அப்பா கொடுத்தது: "நாலு பேருகிட்ட நல்லாப் பேசுறதுக்கு எதுக்கு மூணு வருஷம் காலேஜ்?"

கிரேனிலிருந்து இறங்கி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்பாவுக்குத் துறைமுகத்தில் கத்த ஆள் இல்லை. அதனால் குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டார். சங்கத்தில் ஆள் வராத நாளில் நான். இதில் பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டி வேறு. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். மக்கள் தொடர்பைச் சுருக்கி பி.ஆர். என்றேன். "எந்த நாட்டுக்கு?" என்றார். எனக்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அந்த பி.ஆர். உரிமை கிடைக்கப் போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நேற்று சந்தையில் ஒருவர் எப்போது பறக்கிறாய் என்று கேட்கிறார். அம்மா சிரிக்கிறாள். அப்பா சிரிக்கவில்லை. "பேரச் சொன்னா நாலு பேருக்குப் புரியணும்லா. வயரிங் படிக்கிறான்னு சொன்னா புரியுது" என்கிறார். உன்னைப் படிக்க வைத்தபோது இதெல்லாம் கேட்டாரா?

சீக்கிரம் எழுது. மிஸ் தவணை தரமாட்டார்.

பதிலுக்காக வாசலில் நிற்காத குறையாக,
பிரவின்


பங்சார்
17 செப்டம்பர் 2025

பிரவின் தம்பிக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அதாவது மாலை நாலரை மணிக்கு. தமிழில் எழுதியது நல்ல வேலை. என் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் யாராவது நின்று திரையைப் படிப்பார்கள். இன்று நின்றவர் மெனு கார்டு என்று நினைத்துப் போய்விட்டார்.

உன்னோடு படிப்பவர்களில் பாதிப் பேர் ஏஜென்சிகளுக்குப் போவார்கள். காலையில் டயர் கம்பெனி, மதியம் குழந்தைப் பால்மாவு, மாலையில் வங்கி என்று மூன்றுக்கும் நல்ல பெயர் தேடுவார்கள். சிலர் என்னைப் போல ஒரே நிறுவனத்துக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். அரசாங்க இலாகா, மருத்துவமனை, பல்கலைக்கழகம், காற்பந்துக் குழு, தொண்டு அமைப்பு, எல்லா இடத்திலும் ஆள் தேவைதான். எழுத்து நன்றாக வருகிறவனுக்குத் தலைவர்களின் உரை எழுதும் வேலை கிடைக்கும். அவன் எழுதியதைத் தலைவர் தப்பாகப் படிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டும். கூட்டம் பிடித்தவன் நிகழ்ச்சிகளை நடத்துவான். புள்ளிவிவரம் பிடித்தவன் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்வான். யாருக்குமே பிடிக்காத ஒரு வேலை உண்டு. ஏதாவது கெட்டுப் போனால் மைக் முன்னால் போய் நிற்பது. அது என் வேலை.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றா கேட்டாய்? இன்றைக்குப் புதிய விற்பனைக் கூடத்துக்குத் திறப்பு விழா. எங்கள் தலைவர் டத்தோ ரிப்பன் வெட்டப் போனார். கத்தரிக்கோல் வெட்டவில்லை. அவர் இழுக்க இழுக்க ரிப்பனும் கூடவே வருகிறது. புகைப்படக்காரர்கள் பன்னிரண்டு கோணத்தில் எடுக்கிறார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், கத்தரிக்கோலை நான்தான் பெற்றுப் போட்டது போல. பிறகு ஒரு நிருபர் வந்தார், பிரியாணி சாப்பிட்டார், போகும்போது "சிஸ், இன்னிக்கு நியூஸ் என்ன?" என்றார். அதன் பிறகு, அழைப்பிதழில் இன்னொரு பெரிய மனிதரின் பட்டம் ஒன்று விட்டுப்போனதற்காக இரண்டு மணி நேரம் மன்னிப்புக் கேட்டேன்.

குணம்? பொறுமை என்று எழுதிக்கொள். என்னிடம் கிடையாது. ஆனாலும் எழுது, எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள்.

அப்பாவுக்குப் பதில்: எழுதக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம். எதை எழுதக் கூடாது என்று கற்றுக்கொள்ள ஒரு வருஷம். மூன்றாவது வருஷம் பேசாமல் வயரிங் படித்திருக்கலாமே என்று நினைக்க. என்னிடமும் இதையேதான் கேட்டார். நீ அப்போது தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டு இருந்தாய்.

வேலை தலைக்கு மேல் கிடக்கும்,
அக்கா


கிள்ளான்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பேட்டிக்கு மிஸ் 'ஏ' போட்டார். கத்தரிக்கோல் கதையை வகுப்பில் உரக்கப் படித்தார். உன் பெயரைப் போடவில்லை, நீ பிறகு போனில் கேட்டுக்கொண்டபடி 'அனுபவமிக்க அதிகாரி' என்றுதான் போட்டேன். மிஸ் உன்னை ஓர் ஆண் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது வேறு விஷயம். நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் உங்கள் நிறுவனம் இரட்டை மாடி வீடுகள் கட்ட மண் நிரப்புகிறதே, அந்தச் செம்மண் மழை பெய்யும் போதெல்லாம் சரிந்து நம் பின்பக்கக் கால்வாயில், அப்பா சொல்லும் லோங்காங்கில், விழுகிறது. முன்பு அதில் நான் நின்றால் தலை மட்டும் தெரியும். இப்போது நின்றால் முழங்கால் தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன். அப்பா சங்கத்தின் பெயரில் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினார். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று தானாகவே ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் அவர் கருத்து முக்கியம் என்றே வந்தது. கைபேசியைச் சோபாவில் எறிந்துவிட்டார்.

இராஜம்மா ஆன்டி தினமும் வேலியருகே நின்று சொல்கிறார்: "ஒங்க பொண்ணு அங்கதானே வேல செய்யிது. ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிச்சி." அப்பா உன்னிடம் கேட்கமாட்டார். மகளுக்குச் சங்கடம் தரக் கூடாதாம். எனக்கு அந்த மாதிரி நாகரிகம் ஒன்றும் இல்லை. நான் கேட்கிறேன். யாரிடமாவது சொல்லேன்.

தீபாவளிக்காவது வருவாயா? அம்மா முறுக்கு மாவு பிசைந்துவிட்டாள்.

பிரவின்


பங்சார்
15 அக்டோபர் 2025

பிரவின்,

நான் புகார்க் கவுண்டர் இல்லை. என் வேலை அறிக்கை எழுதுவது. கால்வாய் வெட்டுவது இல்லை. இதை இராஜம்மா ஆன்டிக்கு எந்த மொழியிலாவது புரிய வை. போன மாதம் நம் மாமா மகனுக்குக் கார் நிறுத்த இடம் கேட்டார்கள். அதற்கு முந்தின மாதம் யாருக்கோ வீட்டு விலையில் கழிவு. இந்த நிறுவனத்தையே நான்தான் நடத்துகிறேன் என்று கிள்ளான் முழுக்க நினைப்பு.

படங்களைத் திட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். 'நோட்டட்' என்று பதில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் 'நோட்டட்' என்றால் உன் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை. மறுபடி நினைவூட்டியிருக்கிறேன்.

தீபாவளியன்று காலையில் நிறுவனத்தின் திறந்த இல்ல உபசரிப்பு, வருகிற எல்லாருக்கும் விருந்து. டத்தோ குத்துவிளக்கு ஏற்றுவார், நான் தீக்குச்சி எரிகிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். சாயங்காலம் வந்துவிடுவேன். முறுக்கை நீ தொடாமல் இரு.

அக்கா


கிள்ளான்
11 நவம்பர் 2025

அக்கா,

நீ ஞாயிற்றுக்கிழமை மெத்தையும் போர்வையும் சாப்பாடும் கொண்டு வந்தாய். அப்பா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கால் வலி என்று அம்மா சமாளித்தாள். கால் வலி காரணம் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேள்.

சனிக்கிழமை மதியம் மழை பிடித்தது. நாங்கள் முன்வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் பின்னாலிருந்து வந்தது. முதலில் குளியலறைத் துளையிலிருந்து குமிழி விட்டது. பிறகு சமையலறை. பிறகு வீடு முழுக்கச் செம்மண் குழம்பு. நானும் அப்பாவும் குளிர்பதனப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தோம். மேசை உடைந்தது. அப்போது அம்மா, "இராஜம்மா தனியா இருக்கா" என்றாள். முட்டி அறுவை செய்து இன்னும் சரியாக நடக்காத மனுஷி. அப்பா இடுப்பளவு தண்ணீரில் போனார். ஆன்டியை முதுகில் தூக்கிக்கொண்டு வரும்போது கால்வாய் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கால் வைத்துவிட்டார். ஆன்டியைக் கீழே விடவில்லை. ஆனால் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. இரப்பர் படகு வரும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

இதெல்லாம் உனக்கு அம்மா சொல்லியிருப்பாள். இது சொல்லியிருக்கமாட்டாள்: ஞாயிறு மதியம், நீ வருவதற்குச் சற்று முன்னால், சங்கத் தலைவர் பரமேஸ்வரன் அங்கிள் உங்கள் அறிக்கையைக் கைபேசியில் படித்துக் காட்டினார். 'வழக்கத்துக்கு மாறான கனமழையால் ஏற்பட்ட இயற்கைப் பேரிடர்.' 'எங்கள் எண்ணங்கள் பாதிக்கப்பட்டவர்களோடு இருக்கின்றன.' கீழே, மேல்விவரங்களுக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயர். அப்பா அந்தப் பெயரை மறுபடி படிக்கச் சொன்னார். தாமரை சுகுமாறன். அதில் பாதி அவர் பெயர், அக்கா. தன் வீட்டில் தண்ணீர் வந்தது வானத்தின் தப்பு என்று அவர் பெயரிலேயே அறிக்கை வந்திருக்கிறது.

இன்று வகுப்புக்குப் போனேன். மிஸ் சீதாலெட்சுமி அதே அறிக்கையைத் திரையில் போட்டார். நெருக்கடி நேர அறிக்கை எப்படி எழுதுவது என்பதற்கு நல்ல உதாரணமாம். "பாருங்க, சீக்கிரம் வந்திருக்கு, அனுதாபம் இருக்கு, எதையும் ஒத்துக்கல" என்றார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். என் காலணி அப்போதும் ஈரமாக இருந்தது. "பிரவின், நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். "நல்லா எழுதியிருக்காங்க, மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இந்தப் படிப்பை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

பிரவின்


பங்சார்
13 நவம்பர் 2025

பிரவின்,

உன் கடிதத்தைக் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். வேறு எங்கும் கதவு இல்லை.

நான் எழுதிய முதல் வரியில் 'வருந்துகிறோம்' என்று இருந்தது. சட்டப் பிரிவு எடுத்துவிட்டது. வருந்தினால் தப்பை ஒப்புக்கொண்டது போல் ஆகுமாம். அதற்குப் பதிலாக 'எண்ணங்கள்' வந்தது. எண்ணங்கள் இருந்தால் வழக்குப் போட முடியாது. இதை வைத்து நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. அந்த அறிக்கை என் கையால்தான் போனது. ஆனால் நான் அதைச் சந்தோஷமாக எழுதினேன் என்பது போல நீ எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் குளியலறைத் துளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை அதில் என் தலைமுடி அடைத்துக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்!

அறிக்கை வந்த நாளிலிருந்து கூட்டம், கூட்டம், கூட்டம். நான் வாயைத் திறந்தால், "தாமரை, நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்க" என்கிறார்கள். குடும்பம் அங்கே இருப்பதால் எனக்குப் பார்வை கோணலாகிவிட்டதாம். அங்கே உன்னிடம் வந்தால் சம்பளத்தால் பார்வை கோணலாகிவிட்டது என்று நினைக்கிறாய். நான் எந்தப் பக்கம்தான் நேராக நிற்பது?

ஒன்று கேட்கிறேன். 'இது என் அக்கா எழுதியது, தண்ணீர் வந்தது என் வீட்டில்' என்று மிஸ்ஸிடம் ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றவா, உனக்கு வெட்கமாக இருந்ததா? எதுவாக இருந்தாலும், 'நல்லா எழுதியிருக்காங்க' என்று சொல்லிவிட்டு நீ உட்கார்ந்தாயே, அதற்குப் பெயரும் மக்கள் தொடர்புதான். உனக்கு நன்றாகவே வருகிறது.

படிப்பு பிடிக்கவில்லை என்றால் விடு. என் மேல் கோபம் என்பதற்காக விடாதே. என்னால் அந்தப் பழியையும் சுமக்க முடியாது.

அப்பா மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிறாரா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

தாமரை


கிள்ளான்
16 நவம்பர் 2025

அக்கா,

வரும் சனிக்கிழமை தாமான் மண்டபத்தில் கலந்துரையாடல் என்று உங்கள் சின்னம் போட்ட அறிவிப்பு எல்லா வீட்டு கேட்டிலும் தொங்குகிறது. 'சிற்றுண்டி வழங்கப்படும்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யார் யோசனை அது? மக்கள் வெள்ளத்தில் அடுப்பை இழந்துவிட்டு இருக்கிறார்கள், நீங்கள் கறிபஃப் தருகிறீர்கள்.

சங்கத்தின் அறிக்கையை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "பி.ஆர். படிக்கிற பையன் இருக்கான்லா" என்று பரமேஸ்வரன் அங்கிள் சொல்லிவிட்டார். அப்பாதான் மைக்கில் படிக்கப் போகிறார். அறிக்கையை இதோடு அனுப்புகிறேன். எப்படியும் பத்திரிகைக்காரர்கள் உனக்குக் காட்டத்தான் போகிறார்கள். அப்பா முன்னால் நீ அதிர்ச்சியடைந்து நிற்பதை நான் பார்க்க வேண்டாம்.

வேறு யாரையாவது அனுப்பச் சொல்லேன். அப்பாவுக்கு எதிரே நீ வந்து உட்காராதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரவின்


பங்சார்
18 நவம்பர் 2025

பிரவின்,

வேறு யாரும் இல்லை. சனிக்கிழமை என்றதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கல்யாணம், காய்ச்சல், பினாங்குப் பயணம். டத்தோ வருகிறார், அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பேசுவது நான். கறிபஃப் என் யோசனை இல்லை.

எதிர்த்தரப்பு அறிக்கையை நான் படிப்பதே தப்பு. படித்துவிட்டேன். படித்தபின் சும்மா இருக்கவும் முடியவில்லை. இரண்டு பக்கத்தில் 'கொடூரமான' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது, எண்ணிப் பார்த்தாயா? 'ஏழை மக்களின் கண்ணீர்' என்று அப்பா வாயால் படிக்க வைக்கப் போகிறாயா? அவர் அந்த வரிக்கு வந்ததும் தாளைக் கிழித்துவிடுவார். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசி வரைக்கும் உங்களுக்கு என்ன வேண்டும் என்றே நீ சொல்லவில்லை. 'நீதி வேண்டும்' என்று முடித்திருக்கிறாய். நீதி வேண்டும் என்றால் டத்தோ உருக்கமாகத் தலையாட்டுவார். தலையாட்டினால் கால்வாய் ஆழமாகுமா? என்ன வேலை செய்ய வேண்டும், எந்த நாள் செய்ய வேண்டும். இரண்டைக் கேள். மற்ற எல்லாவற்றையும் வெட்டு.

இனி சனிக்கிழமை முடியும்வரை எனக்கு எழுதாதே.

தாமரை


கிள்ளான்
27 நவம்பர் 2025

அக்கா,

அழைத்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் மறுபடி கடிதம்.

நீ மேடையில் இருந்தாய். கீழே இருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அப்பா கைத்தடிகளோடு மைக் வரைக்கும் தானாகவே நடந்தார். நான் பிடிக்கப் போனேன், முறைத்தார். நான் எழுதிக் கொடுத்ததை அவர் பார்க்கவே இல்லை. உன்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"மேடம், எங்களுக்கு ரெண்டே விஷயம். பின்னால இருக்கிற லோங்காங்கத் தோண்டணும். என்னைக்குத் தோண்டுவீங்கன்னு சொல்லணும்."

மேடம் என்றதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நீ கோப்பைத் திறந்தாய். அதற்குள் இராஜம்மா ஆன்டி எழுந்துவிட்டார்.

"ஏம்மா தாமர, நீ எங்க பொண்ணா, அவங்க பொண்ணா? அத மொதல்ல சொல்லிட்டுப் பேசு."

நீ கோப்பை மூடிவிட்டாய். "இன்னிக்கு நான் கம்பெனி ஆளு, ஆன்டி. அதனாலதான் நான் சொன்னா கம்பெனி சொன்ன மாதிரி" என்றாய். பிறகு அப்பாவைப் பார்த்து, "திங்கக்கெழம காலையில தோண்ட ஆரம்பிப்போம். நிறுவனத்தின் சார்பில் சொல்றேன்" என்றாய். அதையே மலாயில் சொன்னாய். ஆங்கிலத்தில் சொன்னாய். நிருபர்கள் எல்லாரும் கேமராவை டத்தோ பக்கம் திருப்பினார்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கைதட்டல். நானும் தட்டினேன், அக்கா. அதுதான் இப்போது எரிகிறது.

திங்கட்கிழமை காலையில் நிஜமாகவே மண் தோண்டும் இயந்திரங்கள் வந்தன. பின்னாலேயே டத்தோ வந்தார், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு. புகைப்படக்காரர்கள் வந்தார்கள். மறுநாள் பத்திரிகையில் அவர் இராஜம்மா ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'மக்கள் குரலுக்குச் செவிசாய்த்த நிறுவனம்.' அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையும் நாளும் கேள் என்று எனக்கு எழுதித் தந்தவள் நீ. அப்பா கேட்டார். நீ தயாராக வைத்திருந்து கொடுத்தாய். கேள்வியும் உன்னுடையது, பதிலும் உன்னுடையது. நாங்கள் உங்கள் விழாவுக்கு வந்த கூட்டம். உடைந்த காலோடு அப்பாவையும் நடிக்க வைத்துவிட்டாய்.

இதை வீட்டில் சொன்னேன். அப்பா என்மேல்தான் எரிந்து விழுந்தார். "மெஷின் வந்திச்சா இல்லையா?" என்றார். பிறகு, "கீழ இருக்கிறவன் கை காட்டாம கிரேன்ல சரக்கத் தூக்கக் கூடாது. அவ யாரும் கை காட்டாமத் தூக்கிட்டா. மொகத்தப் பாத்தாலே தெரியுது, ஒனக்குத் தெரியலையா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு எல்லாமே கிரேன்தான்.

நேற்று வந்த உங்கள் புதிய அறிக்கையில் தொடர்புக்கு வேறு யாரோ பெயர் இருக்கிறது. உனக்குப் பதவி உயர்வா? வாழ்த்துகள்.

பிரவின்


பிரிக்பீல்ட்ஸ்
5 டிசம்பர் 2025

பிரவின்,

பதவி உயர்வு இல்லை. வேலை இல்லை. கடிதத்தின் மேலே அலுவலகம் இருக்கும் பங்சார் இல்லாததைப் பார். வாடகை அறையிலிருந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகிறது, கீழே பூக்கடைக்காரரும் கார் நிறுத்த வந்தவரும் சண்டை போடுகிறார்கள். பின்னால் நின்று படிக்க யாரும் இல்லை.

அப்பாவுக்குப் புரிந்தது உனக்குப் புரியவில்லை என்பது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா? உன் கடிதத்தைப் படித்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். அதனால்தான் இத்தனை நாள்.

என் கோப்பில் இருந்த வரி இது: 'நிபுணர் அறிக்கைக்குக் காத்திருக்கிறோம்; உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' அதைத்தான் நான் படிக்க வேண்டும். நாள் சொல்ல எனக்கு யாரும் அனுமதி தரவில்லை. கால்வாயைத் தோண்டுவது சில நாள் வேலைதான், இயந்திரங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன என்று எங்கள் பொறியாளர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் தோண்டினால் அடைத்தது நாம்தான் என்று ஆகிவிடுமாம். அதற்காகவே தோண்டாமல் இருந்தார்கள். அடுத்த மழை வரட்டும் என்று கால்வாய் அப்படியே கிடந்தது. நான் கேட்டேன், மறுபடியும் கேட்டேன், வேண்டாம் என்றார்கள். உன் அறிக்கையைத் திருத்தியபோது கூட, அப்பா நாள் கேட்டால் டத்தோவால் தட்டிக்கழிக்க முடியாமல் போகும் என்றுதான் நினைத்தேன். நானே சொல்வேன் என்று நினைக்கவில்லை. அப்பா மேடம் என்றார். ஆன்டி நீ யார் பெண் என்றார். அந்தக் கோப்பில் இருந்த வரியை அதற்கு மேல் என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

காரில் டத்தோ கத்தவில்லை. "அந்தத் தேதியை யார் கொடுத்தது?" என்றார். யாரும் இல்லை என்றேன். "எதற்கு மூன்று மொழியில்?" என்றார். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக என்றேன். ஞாயிறு முழுக்க அவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். என்னைப் பொய்யாக்குவதைவிடக் கால்வாயைத் தோண்டுவது லாபம் என்று முடிவானது. தோண்டுவது என்று ஆனபின் மஞ்சள் தொப்பி போட்டுப் படம் எடுக்காமல் விடுவார்களா? நானாக இருந்தாலும் தொப்பியைத்தான் முதலில் தேடியிருப்பேன். செவ்வாய்க்கிழமை என் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் நானே எழுதினேன், நன்றாகவே வந்தது.

இதைப் படித்துவிட்டு என்னைத் தியாகி ஆக்காதே. ஒருவர் சார்பில் பேச ஒப்புக்கொண்டு போனவள், அவர்கள் சொல்லாததைச் சொன்னால் வெளியேதான் அனுப்புவார்கள். மிஸ் சீதாலெட்சுமியிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார், அவர் சொல்வது சரி. உன் அசைன்மென்ட்டில் இது வரக் கூடாது. கடந்த வாரம் இரண்டு ஏஜென்சிகளில் நேர்முகத்துக்குப் போனேன். இரண்டு இடத்திலும் என்னை மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். ஷா ஆலமில் மருத்துவ உதவி செய்யும் ஒரு சின்ன அமைப்பு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறது. பார்க்கலாம்.

படிப்பை விடுவதா வேண்டாமா என்று இனி என்னைக் கேட்காதே. அந்தக் கிறுக்கு அறிக்கையின் திருத்திய பிரதியை நிருபர் ஒருவர் காட்டினார்; 'கொடூரமான' எல்லாவற்றையும் எடுத்த பிறகு கடைசிப் பத்தி நன்றாக இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

நீ எழுதியதில் ஒன்றுதான் நிஜமாகவே வலித்தது. அப்பாவை நடிக்க வைத்தேன் என்றாயே, அது. இன்னும் வலிக்கிறது. சரியாகும், ஆனால் இந்த வாரம் இல்லை.

நேற்று மதியம் கீழே வாழையிலைக் கடையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அழைத்தார். தீபாவளிக்குப் பிறகு முதல் தடவை.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டுக்கிட்டு இருக்கேன்ப்பா."

பின்னால் அம்மா ஏதோ சொல்லிக் கொடுப்பது கேட்டது. "நீ சும்மா இரு" என்று அவளை அடக்கினார். பிறகு கேட்டார்:

"இப்ப எந்தக் கம்பெனிக்குப் பேசுற?"

"எந்தக் கம்பெனிக்கும் இல்லப்பா."

"சரி. அப்பப் பேசு."

வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை, பிரவின். பேசியே சம்பாதித்தவள் நான். கையில் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறேன், கடைக்காரர் ரசம் வேண்டுமா என்று வாளியோடு நிற்கிறார், அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் இலையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். பாகற்காய்ப் பொரியல், வெள்ளரிக்காய்ப் பச்சடி, கோழிக்கறி கொஞ்சம் காரம். அப்பா ஒவ்வொன்றுக்கும் ம் என்றார். வைக்கச் சொல்லவே இல்லை.

அக்கா